டிஷ்வாஷர் தூளில் நொதிக்கு என்ன வேலை?

கேள்வி: புதிதாக டிஷ்வாஷர் வாங்கியிருக்கிறோம். அதற்கான தூளின் உறையில் ‘நொதிகள் கலந்தது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நொதி என்பது உயிருள்ள கிருமியா? தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யுமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: நொதிக்கு உயிர் இல்லை, அது ஒருவகைப் புரதம். பேசிலஸ் இனத்து பாக்டீரியாக்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவை சுரக்கும் நொதியை மட்டும் பிரித்தெடுத்து, சிறு மணிகளாக உருட்டி, மேலே பூச்சுக் கொடுத்துத் தூளில் சேர்க்கிறார்கள். சோற்றை நெடுநேரம் மென்றால் வாயில் இனிப்புத் தட்டுவதற்குக் காரணம், உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவதுதான். டிஷ்வாஷர் தூளில் இருப்பதும் அந்த வகையைச் சேர்ந்த நொதியே. காய்ந்துபோன இட்லி மாவும் தட்டில் ஒட்டிய சோற்றுப் பருக்கையும் அதற்கு வசப்படும். பருப்பு, முட்டை, அடிப்பிடித்த பால் ஆகியவற்றிலுள்ள புரதத்தை வெட்டுவதற்குப் புரோட்டியேஸ் என்ற இன்னொரு நொதியைச் சேர்க்கிறார்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவது பெரும்பாலும் தூளிலுள்ள காரமும் சூடும்தான். பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறையை இந்த இரு நொதிகளில் எதுவும் தொடாது.

சூட்டைப் பொறுத்தவரை, 50 பாகை செல்சியஸை ஒட்டிய வெந்நீர் பெரும்பாலான தூள்களுக்குப் போதுமானது. அதைவிட மிகுதியாகச் சூடேறினால் நொதியின் மடிப்பு குலைந்து, வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல அது பயனற்றுப் போகும். நொதிக்குச் சூட்டைவிட அதிகம் தேவைப்படுவது அவகாசம். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் ‘ஈகோ’ முறை மூன்று மணி நேரம்கூட ஓடுவதைப் பார்த்து, இயந்திரம் பழுதோ என்று பலர் ஐயப்படுகிறார்கள்; குறைந்த சூட்டில் நீண்ட நேரம் நொதியை வேலை செய்யவிடுவதே அதன் உத்தி. அரைமணி நேர அவசர முறை, காபி குடித்த டம்ளர்களுக்குச் சரி. மாவு காய்ந்த பாத்திரத்துக்கு அது உதவாது. இயந்திரத்தில் வைப்பதற்கு முன் மிச்சம் மீதியை வழித்துப் போட்டால் போதும். தேய்த்துக் கழுவிவிட்டு வைப்பதானால், என் கருத்தில், இயந்திரம் வாங்கியதற்கே பொருள் இல்லை.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். நொதியை விலங்குகளிடமிருந்து எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தட்டில் தங்கி வயிற்றுக்குள் போகாதா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பழங்கதை, ஆனால் பொய்யன்று. ஜெர்மனியைச் சேர்ந்த ஆட்டோ ரோம் 1913இல் துணிகளை ஊறவைப்பதற்காகக் காப்புரிமை பெற்ற கலவையில், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியே இருந்தது. 1960களில் பாக்டீரியா நொதிகள் பரவலான பின் அந்த வழக்கம் ஒழிந்தது. பாத்திரத் தூளுக்கு அவை வந்து சேரச் சற்றுக் காலம் பிடித்தது; முன்னாளைய தூள்களிலிருந்த குளோரின் நொதியைச் சிதைத்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். இப்போதும் கூடுதல் வெண்மைக்காக நீங்களாகவே குளோரின் திரவத்தை ஊற்றினால், காசு கொடுத்து வாங்கிய நொதி வீணாகும்.

கழுவி முடித்ததும் வரும் அலசல்கள் நொதியை நீரோடு வெளியேற்றிவிடுகின்றன. கவனிக்க வேண்டியது தட்டை அன்று, தூசியை. 1960களின் இறுதியில் நொதித் தூளைக் கையாண்ட தொழிற்சாலை ஊழியர்கள் சிலருக்கு மூச்சு ஒவ்வாமை வந்தது. மணிகளுக்கு மேற்பூச்சுக் கொடுக்கும் வழக்கம் அதன் பிறகே வலுப்பட்டது. ஆகவே, மாத்திரை வடிவில் வருவதை இடித்துப் பொடியாக்காதீர்கள். உறையை இறுக மூடி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஈரம் புகுந்த தூளில் நொதியின் வீரியம் குறையும்.

கேள்வி: எங்கள் அலுமினிய இட்லித் தட்டு ஒரே கழுவலில் கறுத்துவிட்டது. நொதி செய்த வேலையா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: இல்லை. அது தூளிலுள்ள காரமும் வெந்நீரும் அலுமினியத்தை அரித்ததால் வந்த கறுப்பு. நொதியில்லாத தூளைப் போட்டிருந்தாலும் கறுத்திருக்கும். அலுமினியத்தையும், பித்தளை, இரும்புச் சட்டி, மரக்கரண்டி ஆகியவற்றையும் கையால் கழுவுங்கள். எவர்சில்வர் தட்டுகளை இயந்திரத்திடம் விட்டுவிடலாம்.