பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்

அன்புள்ள அம்மா,

வணக்கம். ஐந்து ஆண்டுகளாக உங்கள் கட்டுரைகளை வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை.

சென்ற மாதம் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பதினோரு நாட்கள் மருத்துவமனையில் அவர் கட்டிலருகே இருந்தேன். அப்போது தோழி ஒருத்தி கொடுத்த ஆங்கில நாவல் ஒன்றை வாசித்தேன். அமெரிக்க எழுத்தாளர் சாலி கோல்டன்பாம் எழுதிய ‘டெத் பை கேஷ்மியர்’. கடலோரச் சிற்றூரில் கம்பளி நூல் கடை நடத்தும் இஸ்ஸி என்ற பெண்ணும் அவளோடு பின்னல் வேலை செய்யும் மூன்று பெண்களும் ஒரு மரணத்தைத் துப்புத் துலக்கும் கதை. முடித்த கையோடு அதே வரிசையில் அடுத்ததையும் வாசித்தேன். அந்த இரவுகளில் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வந்ததென்றால் இந்தப் புத்தகங்களால்தான்.

வீடு திரும்பியதும், இந்தக் கதைகள் இதமாக இருந்தன என்று அண்ணனிடம் சொன்னேன். ‘ஓர் உயிர் போயிருக்கிறது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு அதைப் பற்றிப் பேசுகிறார்கள். இதில் இதமாக என்ன இருக்கிறது? அவ்வளவு சின்ன ஊரில் புத்தகத்துக்குப் புத்தகம் கொலை எப்படி நடக்கும்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னல் வேலை இந்தக் கதைகளுக்கு உண்மையிலேயே தேவைதானா, அட்டைப்படத்துக்கான அழகுதானா என்ற சந்தேகம் எனக்கும் இருக்கிறது.

எங்களுடையதும் கடலோர ஊர்தான், திருச்செந்தூருக்குத் தெற்கே. என் அத்தை பனையோலைப் பெட்டி முடைவார். பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தே இது இன்னார் முடைந்தது என்று சொல்லிவிடுவார். இப்படி ஒரு கதையை நம் பக்கத்தில் வைத்து எழுத முடியுமா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அப்பா வீடு திரும்பியது நிம்மதி. பதினோரு நாட்கள் நாற்காலியில் உட்கார்ந்தே இரவைக் கழித்தவருக்குத் துணையிருந்த புத்தகத்தை யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பின்னல் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் கேட்ட இரண்டுக்கும் விடை அதிலிருந்துதான் கிளம்புகிறது.

எங்கள் வீட்டில் குரோஷா ஊசியால் பின்னிய வெள்ளை மேசை விரிப்பு ஒன்று இருக்கிறது. அம்மா தொடங்கியது. கண் பார்வை மங்கியதும் பாதியில் வைத்துவிட்டார். ஓராண்டு கழித்துச் சித்தி எடுத்து முடித்தார். நூல் அதே நூல், ஊசி அதே ஊசி, பூ வேலையும் அதே பூ வேலை. ஆனால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி விரலை ஓட்டினால் ஓர் இடத்தில் துணி இறுகுகிறது. அம்மா நூலை இளக்கமாக விடுவார். சித்தி இழுத்துப் பிடிப்பார். எந்த வரிசையில் கை மாறியது என்பதை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு நான் தொட்டுக் காட்டுவேன். விருந்தாளிகள் யாருக்கும் இது தெரிந்ததில்லை. பின்னத் தெரிந்தவர்கள் மட்டும் அந்த இடத்தில் கையை நிறுத்துவார்கள்.

கடலோரம், கைவேலை, மரணம் ஆகிய மூன்றும் சேரும்போது என்ன நடக்கும் என்பதை இந்த வகை நாவல்கள் வருவதற்கு வெகு முன்பே ஒருவர் காட்டிவிட்டார். ஐரிஷ் நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிஞ் எழுதி 1904-இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு தி சீ’. அயர்லாந்துக்கு மேற்கே அரன் தீவுகளில் ஒரு மீனவக் குடும்பம். மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வெகு தொலைவில் வடக்கே கரையொதுங்கிய ஓர் உடலிலிருந்து எடுத்த சட்டையும் காலுறையும் வீட்டுக்கு வருகின்றன. சட்டையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் துணி கடைகளில் எங்கும் கிடைப்பது. தங்கை காலுறையைக் கையில் எடுத்துக் கண்ணிகளை, அதாவது பின்னலின் வளையங்களை, எண்ணுகிறாள். அண்ணனுக்காக அவள் பின்னிய மூன்றாவது ஜோடியில் இரண்டாவது காலுறை அது. அறுபது கண்ணி போட்டு, நான்கைத் தவறவிட்டிருந்தாள். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. இறந்தவன் அண்ணன்தான்.

அரன் தீவு ஸ்வெட்டர் விற்பவர்கள் ஒரு கதை சொல்வதுண்டு: ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் உண்டு, கடலில் போனவனின் உடலை அதை வைத்தே அடையாளம் காண்பார்கள் என்று. அதற்கு ஆதாரம் கிடையாது. சிஞ்சின் இந்தக் காட்சியிலிருந்து கிளம்பி வளர்ந்த கதை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிஞ் எழுதியதோ இன்னும் நுட்பமானது. குடும்ப முத்திரை என்றால் ஊரே அடையாளம் சொல்லிவிடும். தவறிப்போன நான்கு கண்ணியைப் பின்னியவள் ஒருத்தியால்தான் சொல்ல முடியும்.

கைவேலையை மையமாக வைத்த துப்பறியும் கதைகளை நான் இந்த அளவுகோலால்தான் மதிப்பிடுகிறேன். பின்னத் தெரிந்தவளால் மட்டுமே காண முடிந்த ஒன்று கதையில் உண்டா? அப்படிப்பட்ட தடயங்கள் நிறையவே இருக்கின்றன. பிரித்தெடுத்த கம்பளி நூல் நேராக நிற்காது. பழைய கண்ணிகளின் வளைவு அதில் அப்படியே தங்கியிருக்கும். நனைத்துக் காயவைத்தால்தான் நேராகும். ஒரு கூடையில் சுருள் சுருளாகக் கிடக்கும் நூலைப் பார்த்தால், அண்மையில் யாரோ எதையோ பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இன்னொன்று: ஐரோப்பாவின் மேற்கே பரவலான முறையில் பின்னினால் கண்ணியின் முன்னங்கால், அதாவது வளையத்தின் இரு பக்கங்களில் ஊசி முனைக்கு அருகில் உள்ளது, ஊசிக்கு முன்புறம் நிற்கும், கிழக்கத்திய முறையில் அது பின்புறம் நிற்கும். பாதியில் நிற்கும் ஒரு ஸ்வெட்டரின் கடைசி வரிசையில் மட்டும் கால் மாறி நின்றால், அந்த ஊசியை வேறொரு கை பிடித்திருக்கிறது. காவல் அதிகாரியின் கண்ணுக்கு அது வெறும் ஸ்வெட்டர்.

கைவேலை செய்யும் இன்னொரு உதவியும் உண்டு. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் முதன்முதலில் 1927-இல் ஒரு சிறுகதையில் வருகிறார். சில நண்பர்கள் ஓர் அறையில் கூடி, தங்களுக்குத் தெரிந்த மர்மங்களை ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள். மார்ப்பிள் வெள்ளைக் கம்பளியில் எதையோ பின்னியபடி அமர்ந்திருக்கிறார். அவரும் அங்கே இருக்கிறார் என்பதே மற்றவர்களுக்கு மறந்துவிடுகிறது. விடையைச் சொல்வது அவர்தான். குனிந்து வேலை செய்பவரின் முன்னால் மனிதர்கள் காவலின்றிப் பேசுவார்கள். முகம் பார்த்துக் கேட்டால் வராத பேச்சு, எல்லோர் கண்ணும் ஊசியில் இருக்கும்போது வந்துவிடும். இடையில் மௌனம் வந்தாலும் யாருக்கும் சங்கடம் இல்லை, கை ஓடிக்கொண்டிருக்கிறதே.

கோல்டன்பாமின் நான்கு பெண்கள் வியாழக்கிழமை இரவுகளில் கூடுவதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். பாஸ்டனில் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுக் கடை திறந்த இஸ்ஸி, அவளுடைய அம்மாவின் சகோதரி நெல், சிங்கிறால் பிடிக்கக் கடலுக்குப் போகும் காஸ், எண்பதை நெருங்கிய பேர்டி. வயதாலும் வசதியாலும் இவர்கள் வேறு எந்த இடத்திலும் ஒரே மேசையில் உட்கார வாய்ப்பில்லை. துறைமுகத்தில் பேசுவது காஸின் காதுக்கு வரும். அரை நூற்றாண்டுப் பழைய சங்கதி பேர்டிக்குத் தெரியும். கடைக்கு வருபவர்கள் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் இஸ்ஸியிடம் சேரும். ஊரின் நான்கு மூலைகளிலிருந்து வந்த நூல் அந்த மேசையில் ஒன்றாகிறது. ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு என் பதில்: இந்த வரிசையில் பின்னல் வேலையை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. எல்லா வரிசைகளுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ஒட்டுத்துணி விரிப்பு, சோப்பு, மெழுகுவத்தி என்று கைவேலைக்கு ஒரு வரிசை வந்துகொண்டிருக்கிறது. பலவற்றில் கடையின் பெயர்ப்பலகையை மாற்றினால் போதும், கதை அப்படியே ஓடும். கடைசிப் பக்கத்தில் ஒரு பின்னல் குறிப்பைச் சேர்ப்பதால் அந்தக் குறை தீர்ந்துவிடாது.

இனி அண்ணனுக்கு.

கோல்டன்பாமின் சீ ஹார்பர் கற்பனை ஊர். ஆனால் அவர் அதை வைத்திருக்கும் கேப் ஆன் முனை உண்மையானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. அங்கேதான் குளோஸ்டர் என்ற மீன்பிடி நகரம். அதன் கடற்கரைச் சாலையில் சுக்கானைப் பற்றி நிற்கும் ஒரு மீனவனின் வெண்கலச் சிலை 1925 முதல் நிற்கிறது. கடலில் மாண்டுபோன அந்த ஊர்க்காரர்கள் 5,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அதன் அருகே பொறித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கரையில் சாவு விருந்தாளி அல்ல, வீட்டு ஆள். காத்திருக்கும் பெண்களின் கையில் ஏதாவது வேலை இருந்தாக வேண்டும்.

‘டெத் பை கேஷ்மியர்’ நாவலில் இறப்பவள் இஸ்ஸியின் கடை மாடியில் குடியிருக்கும் ஆஞ்சி. துறைமுகத்தில் மூழ்கிக் கிடக்கிறாள். குடித்துவிட்டு விழுந்திருப்பாள் என்று ஊர் சொல்லிவிடுகிறது. அவளைப் பற்றி ஊருக்கு ஏற்கெனவே நல்ல எண்ணம் இல்லை. அந்த நான்கு பெண்களும் ஒப்புக்கொள்ளாதது இந்த ‘விழுந்திருப்பாள்’ என்ற சொல்லைத்தான். ரத்தம் தெறிக்கும் கதைகளில் மூன்றாவது பிணத்துக்குப் பெயர்கூட நமக்கு நினைவிருப்பதில்லை. இங்கே ஆஞ்சியை அப்படி மறக்க முடியாது. அவளுக்கு ஓர் அறை இருந்தது, அவள் நடந்த மாடிப்படி இருக்கிறது, அவளைத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. காயத்தை விவரிக்காமல் இழப்பை விவரிக்கிறார்கள். மருத்துவமனை நாற்காலியில் இருந்த உங்களுக்கு அது இதமாக இருந்ததில் வியப்பே இல்லை. இறந்தவரை ஊர் மறந்துவிடாது என்ற உறுதியை அந்தப் பக்கங்கள் உங்களுக்குத் தந்திருக்கும்.

சின்ன ஊரில் இத்தனை கொலையா என்ற கேள்வி தொலைக்காட்சிக் காலத்துப் பழைய கேள்வி. ‘மர்டர், ஷி ரோட்’ என்ற அமெரிக்கத் தொடர் 1984 முதல் 1996 வரை 264 பகுதிகள் ஓடியது. அதன் கேபட் கோவ் மெய்ன் மாநிலக் கடற்கரையில் உள்ள கற்பனைச் சிற்றூர். அங்கே விழுந்த பிணங்களைக் கணக்கெடுத்தால் ஊரே மிஞ்சாது என்று அன்றைக்கே பேசினார்கள். அண்ணனிடம் இதைக் கேளுங்கள்: வடமாவட்டங்களில் கர்ண மோட்சம் கூத்து ஊர் ஊராக நடக்கிறது. போன வாரம் பக்கத்து ஊரில் செத்த கர்ணன் இந்த வாரம் நம் ஊரில் எப்படி மறுபடியும் சாகிறான் என்று விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் யாராவது கேட்பாரா? ஒவ்வொரு முறையும் அது முதல் சாவுதான். வரிசை நாவலின் வாசகரும் அந்த உடன்பாட்டோடுதான் புத்தகத்தைத் திறக்கிறார்.

கடலோரம் என்பதில் ஒரு கதை வசதியும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். கோடைக்கு மட்டும் வந்து தங்குபவர்களை யாருக்கும் தெரியாது. சந்தேகம் எப்போதும் வெளியூரானின் மேல்தான் முதலில் விழும். நல்ல எழுத்தாளர் அந்தச் சந்தேகத்தை மெல்ல உள்ளூர் வாசலுக்கே திருப்பிக் கொண்டுவருவார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நம் பக்கத்தில் வைத்து எழுத முடியுமா என்று கேட்டுவிட்டு, அதற்கு முந்தைய வரியிலேயே நீங்கள் எழுதத் தொடங்கிவிட்டீர்கள். பெட்டியைக் கவிழ்த்து, முடைந்தவர் பெயரைச் சொல்லும் ஒரு பெண்! நான் மூன்று முறை அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். நூல் கடையையும் வியாழக்கிழமைக் கூட்டத்தையும் அங்கிருந்து இங்கே கொண்டுவர வேண்டாம்; அது ஒட்டாது. ஓலை முடையும் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள், எந்த வேளையில், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

முதலில் அத்தையிடம் போய் உட்காருங்கள். கேள்வி கேட்காதீர்கள், ஈர்க்கு கிழித்துக் கொடுங்கள், ஓலையை நனைத்துக் கொடுங்கள். குருத்தோலையை யார் அகலமாகக் கீறுவார், யார் நறுக்காகக் கீறுவார், தொடங்கும் முதல் பின்னலை யார் எந்தப் பக்கம் மடிப்பார், இறுக்கம் எங்கே தளரும் என்பதையெல்லாம் அவர் கை போகும் போக்கிலேயே சொல்வார். பெட்டியின் அடியில் அவர் என்ன பார்க்கிறார் என்பதை எனக்கு விரிவாக எழுதுங்கள். முடைந்தவர் யாரென்று அவரால் சொல்ல முடியாத பெட்டி ஒன்று எப்போதாவது வீட்டுக்கு வந்ததுண்டா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

அன்புடன்