நர்சம்மா பதில்கள்: ஊசி, உத்தரவு, ஊரடங்கு

சென்ற இதழில் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொரோனா காலத்தைப் பற்றியே கேட்கின்றன. அன்று பதில் கிடைக்காதவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடலூர்க் கடற்கரைக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசியைக் கையில் எடுத்துப் போட்டவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 2021 டிசம்பரில் புதுச்சேரியில் தடுப்பூசி கட்டாயம் என்று உத்தரவு வந்தது. என் மாமியார் கடைசிவரை போட்டுக்கொள்ளவில்லை. தெருவே அவரைக் குற்றவாளியைப் போலப் பார்த்தது. வேண்டாம் என்கிறவரை அரசு கட்டாயப்படுத்தலாமா?
– வாசகி, தவளக்குப்பம்

பதில்: கூடாது அம்மா. அந்த உத்தரவு 1973ஆம் ஆண்டின் புதுச்சேரிப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்தது. தமிழ்நாட்டிலும் அதற்குச் சற்று முன்பே, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பிறகு 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரையும் ஊசி போட்டுக்கொள்ளும்படி கட்டாயப்படுத்த முடியாது, தன் உடம்பின் மீது ஒருவருக்குள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கியது என்றது. ஊசி போடாதவரால்தான் நோய் அதிகம் பரவுகிறது என்று காட்டும் விவரம் எதையும் அரசுகள் முன்வைக்கவில்லை, ஆகவே அவர்களை மட்டும் ஒதுக்கும் கட்டுப்பாடுகள் அளவு மீறியவை என்றும் சொன்னது. அதே தீர்ப்பு மத்திய அரசின் தடுப்பூசிக் கொள்கையைத் தவறு என்று சொல்லவில்லை. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உங்கள் மாமியார் ஊசி போட்டிருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். வயதானவர்கள் மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்ததை 2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின்போது கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அவர் ஏன் மறுத்தார் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்களா? எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான்.

எங்கள் மீனவர் குப்பங்களில் நடந்ததைச் சொல்கிறேன். 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஊசி என்று 2021 ஏப்ரல் 1 முதல் திறந்துவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்றன. ஆண்கள் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டு, படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டு ஊரோடு இருந்தார்கள். ஊசி போட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மே மாதம் அவர்களே முகாமுக்கு வரத் தொடங்கியபோது மருந்து தட்டுப்பாடாகிவிட்டது. மருந்து தாராளமாக வந்தபோது அவர்கள் கடலில் இருந்தார்கள். பகல் பத்து மணிக்கு முகாமைத் திறந்துவைத்துவிட்டு, 'மீனவர்கள் ஒத்துழைக்கவில்லை' என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார்கள்.

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு விசைப்படகுத் தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும், ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றே சொல்லிவந்தார். ஊசியை எதிர்க்கிறவர் என்று அவர் பெயருக்கு எதிரே குறித்துவைத்திருந்தார்கள். ஒரு நாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசாரித்தேன். "ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் என்கிறார்கள் நர்சம்மா. படகு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டால் அந்தப் பங்கை யார் தருவார்கள்?" என்றார். அவருடைய பயமெல்லாம் அந்த இரண்டு நாள் கூலிதான். படகு கிளம்பாத நாளாகப் பார்த்து அவர் வீட்டுக்கே போய் ஊசி போட்டோம். அவர் மனைவியும் தம்பியும் அன்றே போட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்டவரை உத்தரவு போட்டு மிரட்டினால் என்ன பயன்? பின்வாசல் வழியாகக் கடற்கரைக்குப் போய்விடுவார்.

கேள்வி: ஊசி இருந்தும், "இன்னும் நான்கு பேர் வரட்டும்" என்று சொல்லி என்னை மதியம்வரை உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஏன் அப்படி?
– வாசகர், பாகூர்

பதில்: ஐயா, ஒரு கோவிஷீல்டு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். ஆளுக்கு அரை மில்லி. ரப்பர் மூடியில் முதல் ஊசியைக் குத்திய நேரத்தைக் குப்பியின் மேல் எழுதிவைக்க வேண்டும். அதிலிருந்து நான்கு மணி நேரம். அதற்குள் தீராவிட்டால் மிச்சத்தைப் போட்டுவிடக் கூடாது, ஒதுக்கிவிட வேண்டும். ஆறு பேர் உட்கார்ந்திருக்கும்போது திறந்தால் நான்கு பேருக்கான மருந்து வீணாகலாம். தமிழ்நாட்டில் மருந்து வீணாகிறது என்று அந்த நாட்களில் பெரிய விவாதமே நடந்தது. கணக்குக் கேட்பார்களே என்ற அச்சத்தில் பல செவிலியர்கள் குப்பியைத் திறக்கத் தயங்கினார்கள்.

உங்களை அனுப்பியது சரியில்லை. வெயிலில் வந்த ஆறு பேரைத் திருப்பி அனுப்பினால் அடுத்த நாள் இரண்டு பேர்தான் வருவார்கள். இந்த நான்கு மணி நேரக் கணக்கை உங்களுக்குச் சொல்லியிருந்தால், பக்கத்துத் தெருவில் இருந்து நான்கு பேரை நீங்களே அழைத்து வந்திருப்பீர்கள்.

கேள்வி: ஊசி போட்ட பிறகுதான் இளம் வயது மாரடைப்பு பெருகிவிட்டது என்கிறார்கள். நடிகர் விவேக்குக்கும் அப்படித்தானே நடந்தது? எனக்கு 34 வயது, இரண்டு ஊசியும் போட்டிருக்கிறேன். நெஞ்சு படபடத்தாலே பயமாக இருக்கிறது.
– வாசகர், நெய்வேலி

பதில்: தம்பி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். அதன்பின் எங்கள் முகாம்கள் வெறிச்சோடிப் போயின. ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு சொன்ன செய்தி அக்டோபரில்தான் வெளிவந்தது. ஆறு மாதம்! அந்த ஆறு மாதமும் டீக்கடையில் கேட்டவர்களுக்கு நாங்கள் எதைக் காட்டிப் பதில் சொல்வது? இரண்டாம் அலையில் செத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பயத்தால் ஊசி போடாமல் இருந்தார்களோ என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரின் விவரங்களை, அதே வயதும் அதே பகுதியும் கொண்ட 2,916 பேரின் விவரங்களோடு ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டது. ஊசியால் திடீர் மரணத்தின் ஆபத்து கூடவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களுக்கு அந்த ஆபத்து குறைவாகவே இருந்தது. முன்பு கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருப்பது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, சாவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தது, கடுமையாக உடம்பை வருத்தியது ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டின.

கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறையும் பாதிப்பு வந்தது உண்மை. பத்து லட்சம் ஊசிக்கு 0.61 என்று மத்திய அரசே 2021 மே மாதம் அறிவித்தது. அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரக்கூடியது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. படபடப்பு தொடர்ந்தால் இசிஜி எடுத்துப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் சோதியுங்கள். ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கட்சிக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள், என் மகள் கல்யாணத்துக்கு மட்டும் 50 பேர். இது என்ன நியாயம்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நியாயமே இல்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2021 ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. அதுவரை தெருவெல்லாம் பிரசாரம், முகக்கவசம் இல்லாத கூட்டம். அதே மாதம் முடிவதற்குள் கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 25 பேர் என்றார்கள். இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்று கடிந்துகொண்டது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஆளைக் குறைத்தது மருத்துவப்படி சரியான காரியம்தான். அதே அளவுகோலை மேடை போட்டவர்களுக்கும் வைத்திருந்தால் யாரும் முணுமுணுத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: முதலில் நான்கு வாரம் என்றார்கள், பிறகு ஆறு, அதன் பிறகு பன்னிரண்டு. மருந்து இல்லாததை மறைக்கத்தானே இரண்டாம் ஊசியைத் தள்ளிப்போட்டார்கள்? என் அண்ணன் வளைகுடாவுக்குத் திரும்ப முடியாமல் தவித்தார்.
– வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: 2021 மே 13 அன்று கோவிஷீல்டு இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று மாற்றினார்கள். அதற்கு மருத்துவக் காரணம் உண்டு அம்மா. ஆறு வாரத்துக்குள் இரண்டாம் ஊசி போட்டவர்களுக்குச் சுமார் 55 சதவீதமும், 12 வாரம் கழித்துப் போட்டவர்களுக்குச் சுமார் 81 சதவீதமும் பாதுகாப்பு கிடைத்ததாக அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே ஆய்வு வெளிவந்திருந்தது. பிப்ரவரியில் தெரிந்ததை, மருந்துக்கு அடிபிடியான மே மாதத்தில் அறிவித்தால் உங்களைப் போன்றவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஜூன் மாதம் விலக்கு அளித்தார்கள். கோவேக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் கஷ்டம். உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது 2021 நவம்பர் 3 அன்றுதான். அதுவரை விசா கையில் இருந்தும் கிளம்ப முடியாதவர்கள் உங்கள் ஊரில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

கேள்வி: 2020 மே மாதம் கோயம்பேட்டில் இருந்து திரும்பிய சுமை தூக்கும் தொழிலாளி நான். "கொரோனாவைக் கொண்டுவந்தவன்" என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. என்ன சொல்வது?
– வாசகர், விருத்தாசலம் பக்கம்

பதில்: தலை நிமிர்ந்து நடங்கள் தம்பி. அந்தச் சந்தையில் இருந்து திரும்பியவர்களைச் சோதித்தபோது கடலூர் மாவட்டத்தில் தொற்று எண்ணிக்கை ஒரே வாரத்தில் எகிறியது உண்மை. ஆனால் மார்ச் 25இல் நாடே அடைக்கப்பட்ட பிறகும் ஊரெல்லாம் காய்கறி சாப்பிட்டது. மூட்டையை இறக்கியது உங்கள் தோள். நெரிசலான சந்தையை மே 5 அன்று மூடியபோது, தங்க இடமில்லாமல் லாரி ஏறி வந்தீர்கள். ஊருக்கு வெளியே பள்ளிக்கூடத்தில் உங்களைத் தங்கவைத்த நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் செவிலியர் படிப்பு இறுதியாண்டு மாணவி. களப்பணியில் ஒருவர் "ஊசி வேண்டாம்" என்று கதவைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும், அம்மா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: அன்று திரும்பி வந்துவிடு மகளே, வாக்குவாதம் வேண்டாம். இரண்டாம் முறை பையில்லாமல் போ. வீட்டில் யார் யாருக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை என்று கேள். எதற்காகப் பயப்படுகிறார்கள் என்பது அந்தப் பேச்சிலேயே வெளிவந்துவிடும். காய்ச்சலே வராது என்று பொய் சொல்லாதே. இரவு காய்ச்சலும் கைவலியும் வரலாம், பாரசிட்டமால் போதும், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே தெரிவிக்க வேண்டும் என்று சொல். ஊசி போட்ட பின் அரைமணி நேரம் அவர்களோடு உட்கார். உன் கைபேசி எண்ணைக் காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு வா. ராத்திரி பதினொரு மணிக்கு அழைப்பு வந்தாலும் எடுத்துப் பேசு.