நல்லார்பர் பயணம்: கேம்பர் டிரெய்லரைக் கடனில் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம். நாங்கள் மெல்பர்னில் இருக்கிறோம். நான், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். வரும் செப்டம்பரில் என் மைத்துனர் குடும்பம், இரண்டு நண்பர்களின் குடும்பங்கள், நாங்கள் என நான்கு கார்களில் கிளம்பி, ஆளுக்கொரு சின்ன கேம்பர் டிரெய்லரை (காருக்குப் பின்னால் இழுத்துப் போய், விரித்துத் தங்கும் வண்டி) இழுத்துக்கொண்டு அடிலெய்டு, ஆள் நடமாட்டம் குறைந்த நல்லார்பர் சமவெளி வழியாகப் பெர்த் போய்த் திரும்பலாம் என்று திட்டம். மொத்தம் 4 வாரம். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் புது டிரெய்லர் 24,000 டாலர். கடையிலேயே 9% வட்டியில் 5 ஆண்டுக் கடன் ஏற்பாடு செய்து தருகிறார்கள். வீட்டுக் கடனுக்கு 6% வட்டி. அதோடு இணைந்த ஆஃப்செட் கணக்கில் (இதில் இருக்கும் தொகை அளவுக்கு வீட்டுக் கடன் வட்டி குறையும்) 31,000 டாலர் இருக்கிறது. மைத்துனர் வேறொரு யோசனை சொல்கிறார்: நான்கையும் மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும், எல்லாவற்றையும் என் பெயரில் பதிவு செய்து, பிறகு வாடகைக்கு விட்டு வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்கிறார். நான் ஒரே கம்பெனியில் 9 ஆண்டாக இருக்கிறேன். மனைவி உணவு பேக்கிங் தொழிற்சாலை ஒன்றில் 8 ஆண்டாக கேஷுவல், அதாவது நிரந்தரம் இல்லாத வேலை. வாரம் சுமார் 900 டாலர் கைக்கு வரும். வீட்டுத் தவணை உட்பட எங்கள் மாதச் செலவு 6,000 டாலர். எந்த வழி நல்லது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்று வழியும் வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்த ஒரு பயணத்துக்கு டிரெய்லரை வாடகைக்கு எடுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் கடையில் தரும் கடன். 24,000 டாலர், 9%, 60 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 498 டாலர். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 5,900 டாலர் போயிருக்கும். ஆஃப்செட்டில் இருந்து எடுத்து, அதே 498 டாலரை மாதாமாதம் தவறாமல் திரும்பப் போட்டால் 55, 56 மாதத்தில், இடையில் ஏறிய வட்டியையும் ஈடுகட்டி, பணம் பழைய இடத்துக்கு வந்துவிடும். கூடுதலாகக் கட்டிய வீட்டுக் கடன் வட்டி 3,500 டாலர் அளவில் நிற்கும். ஆக, இரண்டில் ஒன்று என்றால் ஆஃப்செட்தான் மலிவு. ஆனால் வங்கியின் தவணை நாள் பயமுறுத்துகிற மாதிரி நம் கணக்குக்கு நாமே போடும் தவணை பயமுறுத்தாது. என்னிடம் வருபவர்களில் ஆஃப்செட்டில் இருந்து எடுத்ததைச் சொன்ன தேதிக்குள் திரும்ப நிரப்பியவர்கள் குறைவு.

வட்டியை விடப் பெரிய செலவு டிரெய்லரின் மதிப்பு இறங்குவது. 5 ஆண்டில் 24,000 டாலர் டிரெய்லர் 14,000 டாலருக்கு விற்றால் நல்ல விலை என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 10,000. ரெகோ (வண்டிப் பதிவு), இன்ஷூரன்ஸ், டயர், பேரிங் சர்வீஸ், வீட்டில் இடம் இல்லாவிட்டால் நிறுத்துவதற்கான வாடகை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 700 என்று குறைவாகவே போடுகிறேன். 5 ஆண்டுக்கு 3,500. கடன் வட்டியும் சேர்ந்தால் 19,400 டாலர். சின்ன டிரெய்லர் ஒன்றை ஓர் இரவுக்கு 80 டாலர் கொடுத்து வாடகைக்கு எடுத்தால், இதே பணத்தில் 242 இரவு தூங்கலாம். அதாவது, ஆண்டுக்கு 48 இரவாவது டிரெய்லரில் கழித்தால்தான் புதிதாக வாங்கியது கட்டுப்படியாகும். ஆண்டுக்கு 4 வார விடுமுறை உள்ள குடும்பம், அதிலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டிய குடும்பம், 48 இரவுக்கு எங்கே போகும்?

கடைக்காரர் உங்களிடம் "ஆஃப் ரோடு" வகையைத்தான் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். நல்லார்பர் என்றதும் செம்மண் புழுதிச் சாலைதான் பலருக்கும் கண்ணில் வரும். ஆனால் நல்லார்பரைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலை 1976லேயே முழுக்கத் தார்ச்சாலை ஆகிவிட்டது. பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. அந்தச் சாலையில் போக விலை உயர்ந்த சஸ்பென்ஷன் தேவையில்லை. தூக்கம் வராத டிரைவர்தான் தேவை.

இனி மைத்துனர் யோசனை. நல்ல மனதோடு சொல்லியிருப்பார். ஆனால் நான்கு டிரெய்லரும் உங்கள் பெயரில் இருந்தால் நான்கின் ரெகோ நோட்டீசும், அபராதமும், இன்ஷூரன்ஸ் பேச்சும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ரெகோ யார் பெயரில் இருக்கிறது என்பது உரிமைக்கு ஆதாரம் ஆகாது. ஆகவே நாளை ஒருவர் தன் பங்கைத் திருப்பிக் கேட்டால், எது யாருடையது என்று காட்ட வாட்ஸ்அப் செய்தியைத்தான் தேட வேண்டும். வாடகைக்கு விட்டால் வரும் பணம் வரிக்கு உட்பட்ட வருமானம். டிரெய்லரும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்க, வருமானம் நால்வருடையது என்று வரி அலுவலகத்துக்கு நிரூபிப்பது உங்கள் வேலை. தவிர, சொந்த உபயோகத்துக்கு எடுத்த டிரெய்லர் பாலிசி, வாடகைக்கு விட்டிருக்கும் நாட்களில் பெரும்பாலும் செல்லாது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். தள்ளுபடியில் மிச்சமாகும் சில நூறு டாலருக்காக, வருடம் முழுக்க முகம் பார்த்துப் பழக வேண்டிய உறவில் இதையெல்லாம் இழுத்து விட வேண்டாம். "எங்கள் வீட்டுக் கடன் கணக்கு இடம் கொடுக்கவில்லை மச்சான்" என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. உங்கள் கணக்கில் மிகப் பெரிய ஓட்டை அதுதான். கேஷுவல் வேலைக்குச் சம்பளத்தோடு கூடிய வருடாந்திர விடுமுறை கிடையாது. உங்கள் மனைவி 4 வாரம் வேலைக்குப் போகாவிட்டால் 3,600 டாலர் வராது. நான் கீழே போடப்போகும் டீசல் செலவை விட இது அதிகம். பயண பட்ஜெட் போடும் யாரும் இதை எழுதுவதில்லை, ஏனென்றால் இதற்கு ரசீது வராது.

இதற்கு ஒரு வழி இருக்கலாம். உங்கள் விக்டோரியா மாநிலத்தின் 2018 லாங் சர்வீஸ் லீவ் (நீண்ட காலம் வேலை பார்த்ததற்கான சம்பள விடுப்பு) சட்டப்படி, ஒரே முதலாளியிடம் 7 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர் அந்த விடுப்பை எடுக்கலாம். கேஷுவல் ஊழியரும் இதில் அடக்கம். இது பல பேருக்குத் தெரியாது. வேலை பார்த்த காலத்தில் 60-ல் ஒரு பங்கு விடுப்பு. 8 ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 7 வாரம் வருகிறது. மணிநேரம் வாரத்துக்கு வாரம் மாறினாலும் சராசரி எடுத்துச் சம்பளம் கணக்கிடுவார்கள். நடுவில் நீண்ட இடைவெளி விட்டிருந்தாலோ, தொழிற்சாலையில் தனி ஒப்பந்தம் இருந்தாலோ விதி மாறலாம். அதனால் சம்பளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கும் 9 ஆண்டுக்கு ஏறக்குறைய 7.8 வாரம் சேர்ந்திருக்கும். அதில் 4 வாரத்தை எடுத்தால், வருடாந்திர விடுமுறையை ஊர்ப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு குடும்பத்துக்கான செலவு. மெல்பர்னில் இருந்து பெர்த் போக 3,400 கி.மீ.; சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்துப் போக வர 8,000 கி.மீ. என்று வைப்போம். டிரெய்லர் இழுத்தால் 100 கி.மீ.க்கு 13 லிட்டர், சராசரி விலை 2.10 டாலர்: 2,200 டாலர். நல்லார்பருக்கு முன்னால் வரும் செடூனா ஊரைத் தாண்டினால் ரோட்ஹவுஸ்களில் (நெடுஞ்சாலையோர பங்க்கும் தங்குமிடமும்) லிட்டர் விலை நகரத்தை விட நன்றாகவே ஏறும், அதையும் நினைத்துத்தான் இந்தச் சராசரி. டிரெய்லர் வாடகை 28 இரவுக்கு 2,240. கேம்ப் இடத்துக்கு, இலவச இடங்களும் கலந்து, இரவுக்கு 35 வீதம் 980. சாப்பாட்டுக்கு நாளுக்கு 60 வீதம் 1,680. காரில் டோபார் (டிரெய்லரை மாட்டும் கம்பி), வயரிங், தேவைப்பட்டால் டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர், எல்லாம் 1,200. வழியில் கார் பழுதானால் வரும் ரோட்சைட் உதவியின் உயர்ந்த திட்டமும் ஆம்புலன்ஸ் உறுப்பினர் கட்டணமும் 400. மொத்தம் 8,700. அவசரத்துக்கு 2,000 ஒதுக்கினால் 10,700 டாலர்.

மூன்று மாதச் செலவான 18,000 டாலரைத் தொடக் கூடாது என்பது என் விதி. 31,000-ல் அது போக 13,000 மிச்சம். ஆகவே பயணத்துக்குப் பணம் உங்களிடமே இருக்கிறது, கடனே தேவையில்லை. டிரெய்லருக்குக் கட்டுவதாக இருந்த 498 டாலரை இப்போதிருந்தே ஆஃப்செட்டில் போட்டு வந்தால், கிளம்பும் நேரத்தில் இன்னும் தெம்பாக இருக்கும்.

வாடகைக்கு எடுக்கும்போது கேம்ப்லிஃபை போன்று உரிமையாளர்களே வாடகைக்கு விடும் இணையதளத்திலோ, வாடகைக் கடையிலோ மூன்று விஷயம் கேளுங்கள்: மொத்த கி.மீ.க்கு வரம்பு உண்டா, வேறு மாநிலம் போகலாமா, சேதமானால் நம் பங்கு எவ்வளவு. எடை இன்னொன்று. சரக்கோடு சேர்த்து 750 கிலோ தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். நல்லார்பரில் குடிதண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும்; 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. அதன் மேல் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கிரைண்டர் வரை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நாம். அனுமதித்த எடையைத் தாண்டி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அது போதும். கிளம்பும் முன், ஆட்களோடும் சாமானோடும் ஒரு பொது எடைமேடையில் காரையும் டிரெய்லரையும் நிறுத்திப் பாருங்கள்.

குழுவாகப் போகும்போது எது பொது, எது தனி என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். டீசல் தனித்தனி. ஒருவர் கார் சின்னது, ஒருவர் கார் பெரியது, அதைப் பங்கு போட்டால் மூன்றாம் நாளே முணுமுணுப்பு வரும். பொதுச் சமையல், கேஸ், கேம்ப் கட்டணம் இவற்றுக்கு மட்டும் ஒரு பொதுக் கணக்கு. குடும்பத்துக்கு 600 டாலர் முதலில் போடுங்கள். கணக்கை ஒருவர் பார்க்கட்டும், அது மைத்துனராக இருந்தால் அவருக்கும் ஒரு பொறுப்பு கொடுத்த மாதிரி இருக்கும். காய்கறி, பழத்தை மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று அவர் கிளம்பினால் மட்டும் தடுத்துவிடுங்கள். மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் காய்கறி, பழம், தேன் எல்லாம் குப்பைக்குப் போகும், திரும்பி வரும்போது செடூனாவில் மறுபடி சோதனை.

நான்கு வண்டியில் ஒன்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே பேசுங்கள். நல்லார்பர் நடுவே காக்லபிடியில் ஒருவர் கார் பழுதாகி, பாகம் பெர்த்தில் இருந்து வர நான்கு நாள் ஆகும் என்றால், மற்ற மூன்று குடும்பமும் காத்திருக்குமா? கூடுதல் இரவுகளுக்கு யார் பணம் கொடுப்பது? என் யோசனை: முதல் இரவு எல்லாரும் நிற்பது, செலவு அவரவருடையது; மறுநாள் ஒரு குடும்பம் துணைக்கு இருக்க, மற்றவர்கள் முன்னே போவது; துணைக்கு நிற்கும் குடும்பத்தின் கேம்ப் கட்டணம் பொதுக் கணக்கில் இருந்து. பழுது, இழுவைச் செலவு வண்டிக்காரருடையது. ரோட்சைட் திட்டத்தில் எத்தனை கி.மீ. வரை இழுப்பார்கள், பின்னால் இருக்கும் வாடகை டிரெய்லரும் அதில் சேருமா என்று நால்வரும் தத்தம் திட்டத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்து அப்பா அம்மா வந்திருந்து, அவர்களையும் கூட்டிப் போவதாக இருந்தால் இன்னொரு செலவு. மெடிகேர் என்ற ஆஸ்திரேலிய அரசு மருத்துவத் திட்டத்துக்கு இந்தியாவோடு ஒப்பந்தம் இல்லை. விசிட்டர் இன்ஷூரன்சில் ஆம்புலன்சும் விமான மருத்துவப் போக்குவரத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐர் நெடுஞ்சாலையின் சில பகுதிகளையே பறக்கும் டாக்டர் விமானம் இறங்கும் ஓடுபாதையாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். மருத்துவமனை அவ்வளவு தூரம்.

பயணம் முடிந்த பிறகும் ஆசை குறையாவிட்டால், அப்போது பழைய டிரெய்லர் பாருங்கள், உங்கள் ஒருவர் பெயரில், கையில் உள்ள பணத்துக்குள். வாங்கும் முன் பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் 2 டாலர் கட்டித் தேடினால், அதன்மேல் யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இப்போதைக்கு முதல் வேலை, இந்த வாரமே இருவரும் விடுப்புக்கு எழுத்தில் விண்ணப்பிப்பது. அது உறுதியான பிறகு வாடகை டிரெய்லருக்கு முன்பணம் கட்டுங்கள், அதுவும் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் பதிவாகப் பார்த்து. நான் எழுதியது நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் போட்ட பொதுவான கணக்கு. வீட்டுக் கடனில் நிலையான வட்டிப் பகுதி ஏதாவது இருந்தால், ஆஃப்செட் பற்றி நான் போட்ட கணக்கீட்டை மட்டும் வங்கியில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.