காட்பாடி பின்கோடு பகா எண்ணா?

கே: எங்கள் ஊர் பின்கோடு 632007. "இது பகா எண்" என்கிறான் பத்தாவது படிக்கும் பையன். "கூட்டினால் 9 வருது, ராசியான எண்" என்கிறார் அவன் தாத்தா. யார் சொல்வது சரி?
- வாசகி, காட்பாடி

ப: பையன் சொல்வது தவறு. 6+3+2+0+0+7 = 18. அது 9-ஆல் வகுபடுவதால் 632007-உம் வகுபடும். தாத்தாவுக்கு ஒரு தகவல்: வரிசையாக எந்த ஒன்பது எண்களை எடுத்தாலும் ஒன்றுக்கு இந்த 9 வந்தே தீரும். ராசியை இவ்வளவு தாராளமாகவா வழங்குவார்கள்?

9-ஆல் வகுத்தால் கிடைப்பது 70223. விஷயமே இதில்தான் இருக்கிறது. இதன் வர்க்கமூலம் 265-க்குத் துளி குறைவு. பகு எண்ணாக இருந்தால் ஒரு பகாக் காரணியாவது அதற்குள் இருக்க வேண்டும். ஆக, 263 வரையுள்ள 56 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

அதிலும் பாதி வேலை மிச்சம். 265 × 265 = 70225; நம் எண் அதைவிட 2 குறைவு. இப்படி ஒரு வர்க்க எண்ணிலிருந்து 2 கழித்து வரும் எண்ணுக்கு ஒற்றைப்படைப் பகாக் காரணி இருந்தால், அதை 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். எனவே 3, 5, 11, 13, 19 பக்கமே போக வேண்டாம். 7, 17, 23, 31, 41 என்று 263 வரை 26 எண்கள்தான் பாக்கி. எதுவும் மீதியின்றி வகுக்காது. 70223 பகா எண்.

கடைசி எண்ணில் மட்டும் கவனம். 70223 ÷ 263 என்று தட்டினால் கால்குலேட்டர் 267.0076 என்று காட்டும். அவசரத்தில் 267 என்று எழுதிவிடுவார்கள். 263 × 267 = 70221; மீதி 2.

632007-க்கு மொத்தம் ஆறு வகுத்திகள்: 1, 3, 9, 70223, 210669, 632007. கூட்டினால் 912912. இது தற்செயல்தான், ஆனாலும் அழகு.

கே: 632-ஐ இரண்டு முறை சேர்த்து எழுதினால் 7, 11, 13 மூன்றாலும் வகுபடுகிறதே, எப்படி?
- வாசகர், ஆற்காடு

ப: 632632 என்பது 632 × 1001. அந்த 1001 = 7 × 11 × 13. எந்த மூன்றிலக்க எண்ணை எடுத்தாலும் இதே கதைதான். மேலே வந்த 912912 உட்பட.

இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழியுங்கள். 70223-இல் 223 − 70 = 153. அது 7, 11, 13 எதனாலும் வகுபடாது. எனவே 70223-உம் வகுபடாது. பலரும் சறுக்குவது பிரிக்கும்போதுதான். இடமிருந்து 702, 23 என்று வெட்டினால் வித்தியாசம் 679, அதாவது 7 × 97. வகுபடாத எண் வகுபடுவதாக விடை வந்துவிடும்.