டூயல் மேட்ராய்டின் சர்க்யூட் பிடிபடவில்லை என்ற கேள்விக்கு

வணக்கம். மேட்ராய்டு என்பது ஒரு கணத்தின் எந்த உட்கணங்கள் சார்பற்றவை என்று சொல்லும் கணித அமைப்பு; மேலும் எதையும் சேர்க்க முடியாத சார்பற்ற கணம் பேசிஸ், எந்த ஒன்றை எடுத்தாலும் சார்பற்றதாகிவிடும் சார்புள்ள கணம் சர்க்யூட். மூல மேட்ராய்டின் ஒவ்வொரு பேசிஸையும் நீக்கினால் மீதமிருக்கும் கணங்களே டூயலின் பேசிஸ்கள் என்ற வரையறை புரிந்தும், அதன் சர்க்யூட்கள் எவை என்பது பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தாங்கள் தருமபுரிக்காரர் என்பதால் ஊர்ச் சாலைகளிலேயே காட்டுகிறேன். தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி ஆகிய நான்கையும் வட்டமாக இணைக்கும் நான்கு சாலைகளை மட்டும் தாளில் வரையுங்கள். ஊர்கள் முனைகளாகவும் சாலைகள் இணைப்புகளாகவும் உள்ள இந்தப் படம்தான் கிராஃப்; வட்டம் உண்டாகாத சாலைத் தொகுப்பே இதன் மேட்ராய்டில் சார்பற்றது. ஏதேனும் ஒன்றை அடைத்தால் மீதி மூன்றும் ஊர்களை இணைத்தே வைத்திருக்கும், ஆகவே அவை ஒரு பேசிஸ். எந்த இரண்டை அடைத்தாலும் ஊர்கள் துண்டுபட்டுவிடும். எனவே டூயலில் ஒவ்வொரு சாலையும் தனியாகவே பேசிஸ், எந்த இரண்டும் சர்க்யூட். கிராஃபைத் துண்டாக்க நீக்கும், ஒன்றைக்கூடக் குறைக்க முடியாத இணைப்புத் தொகுப்புதான் டூயலின் சர்க்யூட். கணிதவியலாளர் ஹாஸ்லர் விட்னி 1935இல் மேட்ராய்டை அறிமுகப்படுத்திய கட்டுரையிலேயே டூயலும் உண்டு. சமதளத்தில் வரைய முடியாத கிராஃபுக்கு டூயல் எந்தக் கிராஃபிலிருந்தும் கிடைக்காது. ஐந்து முனைகளின் முழுமைக் கிராஃபில் (ஒவ்வொரு முனையும் மற்ற எல்லாவற்றோடும் இணைந்தது) இதைக் கையாலேயே சரிபாருங்கள்.