பலசரக்குச் சீட்டைக் கையில் எடுங்கள்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் நாலு பேர், எல்லோரும் பெரியவர்கள். எனக்கும் கணவருக்கும் தொப்பை விழுந்துவிட்டது. மதியம் சாப்பிட்டதும் கண்ணைச் சொக்குகிறது. சர்க்கரை நோய் இல்லை என்று டெஸ்ட்டில் வந்துவிட்டது. அரிசியை அடியோடு நிறுத்திவிட்டுக் கம்புக்கும் குதிரைவாலிக்கும் மாறிவிடலாமா? எங்கள் மாதச் சீட்டு இது: சாப்பாட்டு அரிசி 25 கிலோ, இட்லி அரிசி 10, கோதுமை மாவும் ரவையும் 3, துவரம்பருப்பு இரண்டரை, உளுந்து 2, எண்ணெய் 5 லிட்டர், உப்பு 1 கிலோ.
– வாசகி, திருமங்கலம்

பதில்: சீட்டை எழுதி அனுப்பியது ரொம்ப நல்லது. தட்டில் விழுவதைக் கண்ணால் அளப்பது கஷ்டம். கடையில் வாங்குவதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85, காயும் கீரையும் 400, பழம் 100, பால் 300 மில்லி, நிலக்கடலை எள் போன்றவை 35, எண்ணெய் 27 கிராம் என்று வகுத்திருக்கிறார்கள். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. இதை நாலு பேருக்கு, முப்பது நாளைக்குப் பெருக்கினால் தானியம் 30 கிலோ, பருப்பு பயறு 10 கிலோ, எண்ணெய் சுமார் மூன்றரை லிட்டர். உப்பு ஆளுக்கு 5 கிராம் வீதம் 600 கிராம்.

உங்கள் சீட்டில் தானியம் 38 கிலோ. 8 கிலோ கூடுதல். பருப்பு நாலரை கிலோதான், பாதிக்கும் கீழே. எண்ணெய் ஒன்றரை லிட்டர் அதிகம். வயிறு முன்னால் வருவதற்கும் மதியத் தூக்கத்துக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கணக்கைத்தான். அரிசி என்ற பொருள் மேல் குற்றமில்லை, அதன் அளவில்தான் கோளாறு. கிலோவுக்குக் கிலோ கம்பு வாங்கிப் போட்டால் கலோரி ஏறக்குறைய அதேதான் வரும். கம்பில் நாரும் இரும்பும் கூடுதல். அதனால் வாரம் மூன்று நான்கு வேளை சேர்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் தொப்பை கரையாது.

கம்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாவாக வாங்கி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்துவிட்டால் அதிலுள்ள நொதி அந்தக் கொழுப்பைப் பிரித்து, சில நாட்களிலேயே மாவைக் கசக்க வைத்துவிடும். தானியமாக வாங்கி நாலைந்து நாளைக்கு மட்டும் அரையுங்கள். குதிரைவாலி பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தவிடு மொத்தமும் போய்விட்டது என்று பொருள். அதற்கும் பட்டை தீட்டிய அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. லேசாகப் பழுப்படித்ததைக் கேட்டு வாங்குங்கள்.

இனி செய்ய வேண்டியது: சாப்பாட்டு அரிசியை 25-லிருந்து 18 கிலோவுக்கு இறக்குங்கள். சோறு குறைந்த இடத்தில் வெஞ்சனம் ஏற வேண்டும். நம் பக்கம் ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு கரண்டி பொரியல் வைப்பார்கள். அதை அப்படியே ஒரு கிண்ணமாக்குங்கள். நாலு பேருக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையுமாக 1,600 கிராம் வேண்டும். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது.

பருப்பு விஷயத்தில் சாம்பாரைக் கெட்டியாக்கினால் மட்டும் போதாது. சாயங்காலம் வடை, பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் வைத்தால் ஆளுக்கு 30 கிராம் வீதம் மாதம் மூன்றரை கிலோ பயறு தானாக உள்ளே போய்விடும். எண்ணெய்க் கணக்கும் அங்கேயே இறங்கும். தட்டப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு என்று மாற்றி மாற்றி வையுங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பழக்கமில்லாத வயிறு என்றால் முதல் வாரம் ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்திப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

'எவ்வளவு விசில் விட்டாலும் பயறு வேகவில்லை' என்று பல பேர் எழுதுகிறார்கள். போர்த் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். அதிலுள்ள சுண்ணாம்பு, பயற்றின் தோலை இறுக்கிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிநீரையே பயன்படுத்துங்கள். ஊறும்போது அரை ஸ்பூன் உப்புப் போடுங்கள். சோடா உப்பு வேண்டாம், பி1 வைட்டமின் கெட்டுவிடும். நல்ல தண்ணீரிலும் வேகாவிட்டால் அது கடையில் ரொம்ப நாள் கிடந்த பழைய சரக்கு.

உப்பு ஒரு கிலோ என்பது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கும் மேல். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இதில் சேரவில்லை. ஒரு பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். வாங்கிய தேதியைப் பாக்கெட் மேலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: வயது 32. ஹீமோகுளோபின் 9.4. ஆறு மாதமாகத் தினமும் பேரீச்சை, மாதுளை, பீட்ரூட் ஜூஸ் எடுக்கிறேன். ஏறவே இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை குமட்டியதால் விட்டுவிட்டேன்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: மாத்திரையை மறுபடி தொடங்குங்கள், தயவுசெய்து. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9.4 என்பது உணவால் மட்டும் சரிக்கட்டக்கூடிய நிலை இல்லை.

உங்கள் வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. நாலு பேரீச்சையில் இரண்டு மில்லிகிராம்கூடத் தேறாது. பீட்ரூட்டின் சிவப்பு ஒரு நிறமி, அவ்வளவுதான். ரத்தத்தின் சிவப்போடு அதற்கு உறவில்லை. ஜூஸுக்குச் செலவழிக்கும் காசில் கறிக்கடையில் சுவரொட்டி வாங்கலாம். ஆட்டின் மண்ணீரல்தான் அது. ஈரலைவிடவும் இரும்பு அதிகம், உடம்பிலும் எளிதாகச் சேரும். மிளகு சீரகம் போட்டு உள்ளே சிவப்புத் தெரியாத அளவுக்கு நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், வாரம் இரண்டு முறை போதும்.

சைவம் என்றால் முருங்கைக்கீரை, கம்பு, எள், பயறு. ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும்; அதைக் கூட்டித் தருவது வைட்டமின் சி. கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சூட்டில் சத்துப் போய்விடும். பாதி நெல்லிக்காயைச் சாப்பாட்டோடு கடித்துக்கொண்டாலும் சரி. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். காலை இட்லி முடிந்த கையோடு ஒரு டம்ளர் டீ என்பதுதான் பல வீடுகளில் இரும்பைத் தட்டிப் பறிக்கிறது.

மாத்திரை குமட்டினால் இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடுங்கள். அப்போதும் முடியவில்லையா, ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அந்த முறையிலும் நன்றாக ஏறுகிறது. பாலோடோ கால்சியம் மாத்திரையோடோ சேர்த்துப் போடக்கூடாது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். எண் 12-ஐத் தொட்டதும் நிறுத்தாமல் மேலும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பில் இருப்புச் சேரும். மாதவிலக்கில் போக்கு அதிகமா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது. கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் ஈரலை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதில் ஏ வைட்டமின் மிக அதிகம்.

கேள்வி: கடை அடைக்கவே பத்து மணி ஆகிறது. வாரத்தில் அஞ்சு நாள் புரோட்டா சால்னாதான். மைதாவில் சர்க்கரை நோய் வரவைக்கும் மருந்து கலக்கிறார்கள் என்கிறார்களே?
– வாசகர், மேலூர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது அலாக்சானைப் பற்றி. ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்க அதை நிறைய அளவில் ஊசியாகப் போடுவார்கள். புரோட்டா தின்பவர்களுக்கு அதனால் நோய் வந்ததாக ஆதாரம் இல்லை. புரோட்டாவின் மெய்யான குறை வேறு: நார் மிகக் குறைவு, பிசையும்போது, வீசும்போது, கல்லில் போடும்போது என்று மூன்று இடத்தில் எண்ணெய் ஏறுகிறது, சாப்பிட்ட கையோடு நீங்கள் படுத்துவிடுகிறீர்கள்.

அஞ்சு நாளை இரண்டாக்குங்கள். அந்த இரண்டு நாளும் மூன்று புரோட்டாவுக்குப் பதில் ஒன்றும், கூட இரண்டு அவித்த முட்டையும், வெங்காயமும். சால்னாவில் மேலே மிதக்கும் எண்ணெயைத் தவிர்த்து அடியிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். மற்ற நாட்களில் ஏழரைக்குக் கடையிலேயே சுண்டலும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டால், பத்து மணிக்கு மூன்று இட்லியோடு வயிறு நிறைந்துவிடும்.

கேள்வி: ஜிகர்தண்டா உடம்புக்குக் குளிர்ச்சிதானே, தினம் ஒன்று குடிக்கலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வேண்டாம். சுண்டக் காய்ச்சிய பால், சர்க்கரை, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இனிப்புப் பலகாரத்தின் கணக்கில்தான் அதைச் சேர்க்க வேண்டும். மாதம் இரண்டு முறை ஆசைக்குக் குடியுங்கள். வெயிலுக்கு நீர்மோரும் நுங்கும் இருக்கின்றன.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, எடை 50 கிலோ. பல் இல்லாததால் காலையில் மூன்று இட்லி, மதியம் ரசஞ்சோறு, ராத்திரி இரண்டு இட்லிதான். கால் சூம்பிக்கொண்டே வருகிறது, எழுந்திருக்கச் சிரமப்படுகிறார்.
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: அம்மாவின் சாப்பாட்டில் புரதம் 20 கிராம் அளவில்தான் வருகிறது. இந்த வயதில் எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் 50 கிராம் வேண்டும். ரசத்தில் பருப்புத் தண்ணீர் இருக்கிறதே தவிரப் பருப்பு இல்லை.

மெல்ல வேண்டியில்லாத 30 கிராமைச் சேர்ப்போம். காலை இட்லியில் ஒன்றைக் குறைத்து, ஒரு முட்டையைப் பாலில் அடித்து மெத்தென்று வேகவைத்துக் கொடுங்கள்: 6 கிராம். மதியம் பாசிப்பருப்பு 40 கிராமைக் குழைய வேகவைத்துச் சோற்றில் பிசையுங்கள்: 9 கிராமுக்கு மேல். மாலையில் பொட்டுக்கடலைப் பொடி 30 கிராமை ஒரு டம்ளர் பாலில் கரைத்துக் காய்ச்சுங்கள்: இரண்டும் சேர்ந்து 12, 13 கிராம். இரவு ஒரு கப் தயிர்: 3, 4 கிராம். மீன் சாப்பிடுவார் என்றால் அயிரைக் குழம்பு வையுங்கள். முள்ளோடு சேர்த்தே சாப்பிடுவதால் எலும்புக்குக் கால்சியமும் கிடைக்கும்.

சாப்பாடு மட்டும் தசையைக் கொண்டுவராது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை, ஒரு தடவைக்கு அஞ்சு முறையாகக் காலையும் மாலையும் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இதையெல்லாம் தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்த அளவு பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான்.