அனல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சிறுவயது முதல் சபையில் வளர்ந்தவன் நான். ஒவ்வொரு கன்வென்ஷன் (எழுப்புதல் கூட்டம்) முடிந்ததும் சில வாரம் பக்தியில் அனலாக இருக்கிறேன், அப்புறம் குளிர்ந்துவிடுகிறேன். விடியற்கால ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம் எல்லாம் செய்துபார்த்துவிட்டேன். உள்ளே அனல் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலித்தனம் என்று தோன்றி, ஓய்வுநாள் பள்ளி வகுப்பையும் விட்டுவிட்டேன். மறுபடி அனலை எப்படிப் பெறுவது? எந்த வேதாகம மொழிபெயர்ப்பை வாசிக்கலாம், ஆராதனையில் டிரம்ஸ் சரியா என்றும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டிரம்ஸ் அடிக்கிறவர் தாளம் தவறாமல் அடித்தால் எனக்குப் போதும். மொழிபெயர்ப்பா? வீட்டில் எது இருக்கிறதோ அதை வாசியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் செய்துபார்த்ததை எல்லாம் உங்களைவிடக் கடுமையாகச் செய்தவர் அவர். ஆக்ஸ்ஃபோர்டில் புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைக் கைதிகளைச் சந்திப்பது, எந்நேரமும் சுயபரிசோதனை. 1735இல் ஊழியம் செய்ய அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1736 ஜனவரி 25 அன்று புயலில் பெரிய பாய் கிழிந்து, கடல் கப்பலை மூடியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். உடன் வந்த, மொரேவியர் என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்களோ பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவே இல்லை. பயமாக இல்லையா என்று பிறகு அவர்களில் ஒருவரிடம் கேட்டார் வெஸ்லி. இல்லை என்றார் அவர். உங்கள் பெண்களும் பிள்ளைகளும்? அவர்களுக்கும் சாகப் பயமில்லை.

வெஸ்லியிடம் அனல் ஏராளமாக இருந்தது. சாவுக்கு அஞ்சாத இந்தச் சமாதானம்தான் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பும் வழியில், "செவ்விந்தியரை மனந்திருப்பப் போனேன், என்னை யார் மனந்திருப்புவார்?" என்று எழுதினார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். 1738 மே 24, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்க, வெஸ்லியின் இருதயம் விநோதமாக அனல்கொண்டது. கன்வென்ஷன் பிரசங்கியார் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு உங்களைக் கைதூக்கச் சொல்வார். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அடுத்த ஜனவரி 4ஆம் தேதி அதே மனிதர் அதே நாட்குறிப்பில் "நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல" என்று எழுதியிருக்கிறார். எட்டு மாதம்கூட ஆகவில்லை! இதை ஏன் ஒருவரும் மேடையில் சொல்வதில்லை? சொன்னால், அடுத்த வருடக் கூட்டத்துக்கு நீங்கள் இதே குற்றவுணர்ச்சியோடு வந்து உட்காரமாட்டீர்கள், அதனால்தான். அப்படி எழுதியவர் மூன்று மாதத்தில், ஏப்ரல் 2 அன்று, பிரிஸ்டல் நகருக்கு வெளியே ஒரு மேட்டில் நின்று ஏறக்குறைய 3,000 பேருக்குப் பிரசங்கம் செய்தார். அன்று அவருக்கு உள்ளே எவ்வளவு சூடு இருந்தது என்று யார் கேட்டார்கள்?

தம்பி, தேவனோடு சமாதானம் என்பது தினமும் காலையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. நாம் சத்துருக்களாக இருந்தபோதே ஒப்புரவாக்கப்பட்டோம் என்று பவுல் அதே ரோமர் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். பகையை முடித்தவர் தேவன். நீங்களோ அது இன்னும் முடியாததுபோல வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்து தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தண்டம் கட்டுகிறவனுக்கு உற்சாகம் எங்கிருந்து வரும்? உபவாசம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே கிடைத்துவிட்டதை வாங்குவதற்காக உபவாசம் இருக்காதீர்கள்.

வகுப்பை விட்டதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். வெஸ்லிக்கும் இதே யோசனை வந்தது. விசுவாசம் இல்லாத நான் பிரசங்கத்தை நிறுத்திவிடவா என்று 1738 மார்ச்சில் பீட்டர் போலர் என்ற மொரேவியரிடம் கேட்டார். கூடவே கூடாது என்றார் போலர். விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியுங்கள், வந்தபின் அது இருப்பதாலேயே பிரசங்கிப்பீர்கள் என்றார். இதில் போலித்தனம் எங்கே இருக்கிறது? பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லப்போவது உங்கள் அனலைப் பற்றியா, கிறிஸ்துவைப் பற்றியா?

இதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. வெஸ்லியின் அம்மா சூசன்னா, தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்கு, புளூட்சோ இருவரின் ஊழியத்தைப் பற்றிய ஒரு புத்தகத்தை வாசித்தார். வேறெதுவும் தன்னை இந்த அளவுக்கு அசைத்ததில்லை என்று 1712இல் கணவருக்கு எழுதினார். அதற்காகக் கப்பல் ஏறவில்லை. ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார், அவ்வளவுதான். வியாழக்கிழமை ஜானின் முறை. வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியரான பிறகும் அந்த வியாழன் மாலையை அம்மாவிடம் கேட்டு எழுதியிருக்கிறார் அவர்.

வருகிற ஞாயிறு வகுப்புக்குப் போங்கள். எதைச் சொல்வதென்று தெரியாவிட்டால் இந்தத் தரங்கம்பாடிக் கதையைச் சொல்லுங்கள். நம் கடற்கரையில் தொடங்கிய கதை, பிள்ளைகள் கேட்டிருக்கமாட்டார்கள்.